அறப்பணிக்குப் படகுப் பயணம் வழங்குதல் (ஐக்கிய அமெரிக்கா)

அறப்பணிக்குப் படகுப் பயணம் வழங்குதல் என்பது, சொந்தப் படகு வைத்திருப்பவர் அதில் ஒரு பயணத்தைத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடையாக அளிப்பதாகும். ஐக்கிய அமெரிக்காவில் இது இரு வகையாக நடைபெறுகிறது. நோயுற்ற சிறுவர்கள், முதியோர் போன்றோரை இலவசமாக அழைத்துச் செல்வது ஒரு வகை. நிதி திரட்டும் ஏலத்தில் பயணத்தை விற்பது மற்றொரு வகை. இரண்டின் நோக்கமும் நல்லதே. ஆயினும் பணம் கைமாறும்போது சட்டப் பொறுப்பும் மாறக்கூடும்.

கட்டணப் பயணி

படகில் ஏற்றிச் செல்வதற்கு நிபந்தனையாக ஒருவர் தரும் பணமோ பிற பயனோ, உரிமையாளருக்கு, படகோட்டிக்கு அல்லது படகில் உரிமையுள்ள வேறொருவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ சேர்ந்தால், அவர் 'கட்டணப் பயணி' ஆவார். 1993 ஆம் ஆண்டின் பயணியர் கலப் பாதுகாப்புச் சட்டம் இந்த வரையறையைத் தந்தது. எரிபொருள், உணவு ஆகியவற்றின் உண்மைச் செலவை விரும்பிப் பகிர்ந்துகொள்வது கட்டணம் ஆகாது.

கட்டணப் பயணியை ஏற்றும் படகோட்டிக்குக் கடலோரக் காவல்படையின் உரிமம் தேவை. பயணிகள் ஆறு பேருக்கு மேற்பட்டு, அவர்களில் ஒருவரேனும் கட்டணப் பயணியாக இருந்தால், படகுக்கு ஆய்வுச் சான்றிதழும் வேண்டும். எவரும் எதுவும் செலுத்தாத பயணத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. ஏலத்தில் விற்பதாயின், அறிவிப்புக்கு முன்பே காவல்படையின் உள்ளூர் அலுவலகத்தில் எழுத்துமூலம் விளக்கம் பெறுவது நல்லது.

காப்பீடு

பொழுதுபோக்குப் படகுகளுக்கான காப்பீடு பெரும்பாலும் வாடகைப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. ஏலப் பயணத்தை நிறுவனம் வாடகை எனக் கருதினால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். எனவே அந்நாளுக்குக் காப்பீடு செல்லும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். தொண்டு நிறுவனத்தின் பெயரையும் காப்பீட்டில் சேர்க்கக் கேட்கலாம்.

1997 ஆம் ஆண்டின் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் தம்மைக் காக்கும் எனப் பலர் நம்புகின்றனர். ஓட்டுநர் உரிமம் அல்லது காப்பீடு வேண்டும் என மாநிலம் விதித்துள்ள வாகனத்தையோ கலத்தையோ தன்னார்வலர் ஓட்டி விளைவித்த தீங்குக்கு அச்சட்டம் பாதுகாப்பு அளிப்பதில்லை.

வருமான வரி

படகைப் பயன்படுத்தக் கொடுத்ததன் மதிப்புக்கு உரிமையாளர் வரிக்கழிவு கோர முடியாது. ஏலம் எடுத்தவர், பயணத்தின் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை மட்டுமே நன்கொடையாகக் காட்டலாம். எடுத்துக்காட்டாக, 300 டாலர் மதிப்புள்ள பயணத்தை 500 டாலருக்கு எடுத்தவரின் நன்கொடை 200 டாலரே.