பேச்சு வராத குழந்தைக்கு ஒரு பேசும் பலகை

பவர்பாயிண்ட் என்றால் ஆபீஸ் மீட்டிங்கில் ஸ்லைடு காட்டும் புரோகிராம் என்றே புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் நினைக்கிறார்கள். பேச்சு வராத ஆட்டிசம் குழந்தை "தண்ணி வேணும்", "வலிக்குது" என்று தெரிவிக்க உதவும் பேசும் பலகையை இதே புரோகிராமில் ஒரே மாலையில் தயாரித்துவிடலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகே வசிக்கும் என் உறவினரின் ஐந்து வயது மகனுக்கு நான் அப்படி ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தேன். அதன் வழிமுறையை இங்கு தருகிறேன்.

படம் எதற்கு?

ஆட்டிசம் நோய் அல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. பேச்சு வராத குழந்தைக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சொல்ல வழி இல்லாதபோதுதான் பல குழந்தைகள் கத்துகிறார்கள், கடிக்கிறார்கள், தலையை முட்டிக் கொள்கிறார்கள். பேசும் சொல் ஒரு நொடியில் மறைந்துவிடும். படமோ கண் முன்னே அப்படியே இருக்கும்; குழந்தை நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

சென்னையில், ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யா சாகர் அமைப்பின் குழந்தைகளோடு பழகி, 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். இதற்காக 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ், இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2012-ல் ஆவாஸ், ஐபேடில் இயங்கும் அப்ளிகேஷனாகவும் வந்தது. நாம் தயாரிக்கப் போவது அதன் மிக எளிய வடிவம்.

"படத்தைக் காட்டிப் பழகினால் பிறகு பேசவே மாட்டானே?" என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பகமான தகவல் இருந்த 27 பேரைப் பரிசீலித்தது. இவர்களில் ஆட்டிசம் மட்டுமின்றி வேறு குறைபாடு உள்ளவர்களும் உண்டு. ஒருவருக்குக் கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது, பெரும்பாலும் சிறிய அளவில்.

தயாரிக்கும் முறை

1. முதலில் ஆறு சொற்களைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தவை: தண்ணீர், சோறு, வெளியே, வலிக்குது, போதும், வேண்டாம்.

2. பொருட்களை மொபைலில் போட்டோ எடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். இன்டர்நெட்டில் கிடைக்கும் கண்ணாடிக் கிளாஸ் படத்தை விட, உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் போட்டோவே குழந்தைக்குப் புரியும். 'போதும்', 'வேண்டாம்' போன்றவற்றிற்கு, வீட்டில் ஒருவர் கையால் சைகை காட்டும் போட்டோவைப் பயன்படுத்தலாம்.

3. ஒவ்வொரு சொல்லையும் ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் பதிவு செய்து, வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்திடுங்கள். அண்ணன், அக்கா இருந்தால் அவர்கள் குரலில் பதியலாம்.

4. பவர்பாயிண்ட்டில் காலி ஸ்லைடு ஒன்றைத் திறந்து, இன்சர்ட் டேபில் பிக்சர்ஸ் மூலம் ஆறு போட்டோக்களையும் பெரிதாக வையுங்கள்.

5. ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேபில் ஆக்‌ஷன் என்பதில் கிளிக் செய்திடுங்கள். வரும் விண்டோவில் பிளே சவுண்ட் எதிரே டிக் அடித்து, பட்டியலின் கடைசியில் உள்ள அதர் சவுண்ட் மூலம் உரிய வேவ் பைலைக் காட்டி ஓகே கொடுங்கள். மற்ற ஐந்துக்கும் இப்படியே செய்திடுங்கள்.

6. ஸ்லைடு ஷோ டேபில் செட்அப் ஸ்லைடு ஷோ சென்று, கியோஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். குழந்தை வேறு இடத்தில் தொட்டாலும் ஸ்லைடு மாறாது. இனி எப்5 அழுத்தினால் பலகை தயார். வெளியே வர எஸ்கேப் கீ.

டச் ஸ்கிரீன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், குழந்தை திரையில் விரலை வைத்ததும் நீங்கள் மவுஸை அங்கே கொண்டு சென்று கிளிக் செய்திடுங்கள்.

பழக்கும் முறை

பலகையை முதலில் பயன்படுத்த வேண்டியவர் நீங்கள். தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைத் தொட்டுவிட்டுக் கொடுங்கள். பிறகு பத்து வினாடியாவது பேசாமல் காத்திருங்கள். "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் கையைப் பிடித்துப் படத்தில் வைக்கவும் வேண்டாம். அப்போது பேசுவது நீங்கள், அவன் அல்ல. படங்களின் இடத்தையும் மாற்றாதீர்கள். புதிய சொல்லைக் காலி இடத்தில் சேருங்கள்.

எங்கள் பையன் தானாக முதலில் தொட்ட படம் 'போதும்'. சோறு ஊட்டிக் கொண்டிருந்த அவன் அம்மா இன்னும் இரண்டு வாய் ஊட்டப் பார்த்தார். நான் தட்டை எடுத்துவிடச் சொன்னேன். குழந்தை "வேண்டாம்" என்று சொல்லியும் நாம் கேட்காவிட்டால், பலகையால் பயன் இல்லை என்றுதான் அவன் கற்றுக் கொள்வான். மருந்து போன்ற தவிர்க்க முடியாதவற்றில், "வேண்டாம்னு சொல்றே, தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கரன்ட் போனால்?

மலைக் கிராமங்களில் கரன்டும் சிக்னலும் எந்நேரமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பலகைக்கு இன்டர்நெட் தேவையில்லை. இருந்தாலும் இதே ஸ்லைடைக் கலரில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வையுங்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போகும்போதும் குழந்தையின் கையில் அது இருக்கட்டும். தண்டனையாக அதை ஒருபோதும் பிடுங்கி வைக்காதீர்கள். அது அவன் வாய்.

இந்தப் பலகை பேச்சுப் பயிற்சியாளருக்கு மாற்று அல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பலகையையும் உடன் கொண்டு செல்லுங்கள். குழந்தை எந்தப் படத்தை அதிகம் தொடுகிறான் என்று குறித்துக் கொண்டு போனால், பயிற்சியாளர் அடுத்த சொற்களைத் தேர்வு செய்ய உதவும்.