கல்லூரிக் குப்பையில் நம் கடைச் சரக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், ஊருக்குள் பச்சையப்பன் கல்லூரி, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். விடுதிகளுக்கு அரிசி, பருப்பு அனுப்புவதும், வாசலில் டீயும் பிஸ்கட்டும் விற்பதும் நம்மவர்களே. ஆகவே வளாகத்துக் குப்பை பற்றிப் பேச்சு வந்தால், "அது கல்லூரிக்காரர் பாடு" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் குப்பையைத் தரம் பிரிப்பதை 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் கட்டாயமாக்கின. மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் உரக்குழிக்குப் போய்விடும். தலைவலி மற்றவைதான்: பருப்பு வந்த உறை, டீ குடித்த கப், ஷாம்பு பாக்கெட். எல்லாம் நம் கல்லாவைத் தாண்டிப் போனவை.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. கையிருப்பு முடங்கிய வருத்தம் பலருக்கு இன்னும் ஆறவில்லை. கம்பெனி உறைக்கு விலக்கு, கடைக்காரன் பைக்குத் தடையா என்று அன்று கேட்டோம். நியாயமான கேள்விதான். 2020-இல் அந்த விலக்கும் நீக்கப்பட்டது. ஆனாலும் சரம் சரமாகப் பாக்கெட் தொங்காத கடை எது?

பிளாஸ்டிக் போனால் பேப்பர் கப் என்று வாங்கி அடுக்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்த 14-இல் ஒன்று. தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபரில் கூறிவிட்டது. கேண்டீனுக்கு அதைச் சப்ளை செய்தால் அபராதம் நம் தலையில் விடியும்.

சரி, எதை விற்பது? வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகிறது. இலைச் சரக்கு நம் ஊருக்குப் புதிதல்ல. மந்தாரை இலை, பாக்கு மட்டைத் தட்டு, தொன்னை ஆகியவற்றைக் கேண்டீன்களுக்கு மொத்தமாகப் பேசி முடிக்கலாம். டீக்குக் கண்ணாடி டம்ளர் போதும். கழுவ ஓர் ஆள் கூலி ஆகும், கப் வாங்கும் செலவு நிற்கும்.

விடுதிக் கணக்கு வைத்திருப்பவர்கள் பருப்பையும் ரவையையும் கிலோ பாக்கெட்டாக அனுப்பாமல் மூட்டையாக அனுப்பி, காலிச் சாக்கை அடுத்த லோடில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சாக்குக்கு விலை உண்டென்பது நமக்குத் தெரியாததா? பாட்டில் சரக்குக்கு முன்பணம் வைக்கலாம். நீலகிரியில் 2022-இல் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தந்தார்கள். சாராயக் கடைக்கு முடிந்தது மளிகைக் கடைக்கு முடியாதா?

மஞ்சள் பை வழக்கத்தை மீட்க 2021 டிசம்பரில் அரசு இயக்கம் தொடங்கியது. அதையொட்டி அறிவித்த மஞ்சப்பை விருதில் கல்லூரிக்கும் இடமுண்டு, வணிக நிறுவனத்துக்கும் இடமுண்டு. முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். பரிசு கிடக்கட்டும். அடுத்த கல்வியாண்டுக்கு விடுதிகள் கொள்முதல் பேசும்போது, இலை, மூட்டை விலைப்பட்டியலோடு முதலில் போய் நிற்பவர் நம் சங்கத்து உறுப்பினராக இருக்கட்டும்.