மிதக்கும் பொய்ப்பூச்சி

கீரிக் கரையில் வலையை மிதக்கச் செய்யும் நுரைப் பிளாத்திக்கும், மலையோடையில் திரவுட் மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சியும் ஒரே காரணத்தால் மிதப்பன: மூடிய நுண்ணறைகளில் அடைபட்ட காற்று நீரை உட்புகவிடாது. இறகாலும் மயிராலும் கட்டிய பழைய பொய்ப்பூச்சியோ நனைந்து அமிழும்.

வெட்டுக்கிளி, வண்டு, எறும்பு முதலியன கரைப்புல்லிலிருந்து காற்றால் நீரில் வீழ்வன. அவற்றைப் போலச் செய்வோர் தூண்டில் முள்ளின் தண்டில் நூல் சுற்றி, நுரைப்பட்டையை மடித்து, இடையிடையே இறுக்குவர். மிக இறுக்கின் நூல் நுரையை அறுக்கும். தளரின் பட்டை முள்ளைச் சுற்றிச் சுழலும். ஈண்டே கைப்பழக்கம் வேண்டும். முதுகில் வைக்கும் மஞ்சள் துண்டு தூண்டிற்காரன் கண்ணுக்காகவே. மீன் காண்பது வயிற்றை மட்டும்.

இவ்விளையாட்டிற்கென ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கொணர்ந்த திரவுட், ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இலங்கைக்கே உரிய நன்னீர் இறாலொன்றிற்கு இன்று கேடாய் நிற்கின்றது.