ஆட்டம் எங்கே, புஷ்ஷிலா ஷாக்கிலா?

பழைய அம்பாசடரின் பின்பக்கம் ஆடுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கேட்கும் பதில் இதுதான்: "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்." மாற்றியதும் வண்டி கொஞ்சம் அடங்கியதுபோல் இருக்கும். நெடுஞ்சாலைக்குப் போய் எண்பதைத் தொட்டால் பழையபடி ஆட ஆரம்பித்துவிடும். ஷாக் அப்சார்பர் வெளியே தெரிகிற பொருள் என்பதால் பழி முதலில் அதன்மேல் விழுகிறது. பல வண்டிகளில் குற்றம் செய்வது, ஸ்பிரிங் பட்டையின் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன ரப்பர் புஷ்.

அம்பாசடரின் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைப்பது ஒரே ஹவுசிங். அது வண்டியின் நீளவாக்கில் கிடக்கும் இரண்டு லீஃப் ஸ்பிரிங் கட்டுகளின்மேல் யூ போல்ட்டுகளால் கட்டப்பட்டிருக்கிறது. பட்டையின் முன்கண் வண்டியின் அடிப்பாகத்தோடு சேர்கிறது. பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளுமல்லவா, அதற்கு இடம் கொடுக்க பின்கண்ணில் ஷேக்கிள் தொங்குகிறது. ஆக, பட்டைக்கு இரண்டு வேலை. சுமையையும் தாங்க வேண்டும். ஹவுசிங்கை முன்னே பின்னே, பக்கவாட்டில் நகரவிடாமல் பிடித்தும் வைக்க வேண்டும். ஷாக் அப்சார்பருக்கு இந்த இரண்டாவது வேலையில் பங்கே கிடையாது. சிறு துளைகள் வழியே ஆயிலைத் தள்ளி, ஸ்பிரிங்கின் துள்ளலை வெப்பமாக மாற்றுவதோடு அதன் கடமை முடிகிறது.

இப்போது ஒரு பக்கத்துப் புஷ் தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்தப் பக்கச் சக்கரம் சற்று முன்னே போகும்; பிரேக் பிடித்தால் பின்னே வரும். இந்த நகர்வு 5 மில்லிமீட்டர்தான் என்றாலும், சுமார் 1.3 மீட்டர் அகலமுள்ள அச்சு அதனால் ஏறக்குறைய 0.2 டிகிரி திரும்பிவிடுகிறது. ஓட்டுபவர் கை வைக்காமலேயே பின்சக்கரங்கள் ஸ்டியரிங் பண்ணுகின்றன என்று பொருள். வளைவில் காலை எடுத்ததும் வால் ஒதுங்குவதும், லாரியை முந்தும்போது பின்பக்கம் அலைவதும் இதனால்தான். புது ஷாக் போட்டு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அதனால், எதையும் மாற்றுவதற்கு முன் ஆட்டம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறியபின் வண்டி தொட்டிலாடிக்கொண்டே இருந்தால் ஷாக்கைச் சந்தேகிக்கலாம். டிக்கியை அழுத்திவிட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும் கால் மாறும்போது 'டொக்' என்று சத்தம் கேட்டு வால் ஒதுங்கினால் புஷ், ஷேக்கிள், யூ போல்ட் மூன்றையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை சுவாரஸ்யமானது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்து, அதைத் தாண்டினால் குறையும். அம்பாசடர் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முறை சுழல்கிறது. டயரின் காற்றுமேல் துள்ளும் அச்சுக்கும் இயல்பான அதிர்வெண் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 வரை. இரண்டும் ஒத்துப்போகும்போது, ரிம்மில் சில கிராம் எடை ஏறுமாறாக இருந்தாலே போதும், நடுக்கம் பெரிதாகிவிடும். இதற்கு வைத்தியம் வீல் பேலன்சிங். டயரில் வீக்கம் இருந்தால் டயரையே மாற்ற வேண்டும்.

புஷ் ஏன் கெடுகிறது? வயதானால் ரப்பர் ஆக்சிஜனால் இறுகும். இழுபட்ட நிலையில் ஓசோன் பட்டு வெடிக்கும். இவை மெதுவாக நடப்பவை. நாமே வலியப்போய்ச் செய்யும் கேடு ஒன்று உண்டு. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுக்கப் பழைய இன்ஜின் ஆயிலையோ டீசலையோ அடிக்கிறார்கள். இயற்கை ரப்பர் அதை உறிஞ்சி ஊதி, கொழகொழத்துப் போகும். வண்டியைக் கொடுக்கும்போதே "ஆயில் அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுவது நல்லது.

புஷ் மாற்றும் வேலையில் பலரும் தவறவிடும் இடம் கடைசியில் வருகிறது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்தபடியே கண்ணின் போல்ட்டுகளை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். அப்போது பட்டை தொங்கிய நிலையில் இருக்கும். ரப்பரும் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் பட்டை நிமிர, நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கேறிக் கிடக்கும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த முறுக்கின்மேல் கூடுவதால் புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துபோகும். போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அழுத்தி உட்காரவைத்த பிறகே முழுக்க இறுக்க வேண்டும்.

யூ போல்ட்டுகளைக் கழற்ற நேர்ந்தால் சென்டர் போல்ட்டையும் பார்த்துவிடுங்கள். ஹவுசிங்கின் இடத்தைக் குறித்து நிறுத்துவது அதன் தலைதான். அது முறிந்தால் அச்சு ஒரு பக்கம் விலகி, வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். சோதிக்கும் யாரும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் படிந்து யூ போல்ட் தளர்ந்திருக்கும். மறுபடி ஒருமுறை பட்டறைக்குப் போய் அதை இறுக்கிக்கொள்ளுங்கள்.