உஷார்! ஸ்பீக்கிங் தேர்வில் ஒப்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளே, தேதி நெருங்க நெருங்க டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு பிடிஎஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். 'இந்த சீசன் ஸ்பீக்கிங் கேள்விகள், பேண்ட் 8 பதில்களுடன்' என்று ஆசை காட்டும். பணம் கட்டி வாங்காதீர்கள். இலவசமாகவே வந்தாலும் அந்தப் பதில்களை நெட்டுருப் போடாதீர்கள்!

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். கேள்வி கேட்பவர் பயிற்சி பெற்ற தேர்வாளர். அதே பதிலை அவர் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருப்பார். வீடு, வேலை, படிப்பு பற்றிய முதல் பகுதியில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, தயாரிக்காத அடுத்த கேள்விக்குத் திணறினாலே அவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டாம் பகுதியில் பேச வேண்டிய தலைப்பு எழுதிய கியூ கார்டு தருவார்கள். யோசிக்க 1 நிமிடம், பேச அதிகபட்சம் 2 நிமிடம். கார்டு கேட்பது ஒன்று, நீங்கள் மனப்பாடம் செய்த கதை வேறொன்று என்றால் பேச்சு தடம் புரளும். மூன்றாம் பகுதியில் அதே தலைப்பை ஒட்டியும் நீங்கள் சொல்லும் பதிலிலிருந்தும் 'ஏன்?', 'முன்பு எப்படி இருந்தது?' என்று தோண்டுவார்கள். அதற்கு எந்த பிடிஎஃப்பிலும் பதில் இருக்காது.

தங்குதடையற்ற பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பெண். உச்சரிப்பு என்றால் வெள்ளைக்காரர் போல இழுத்துப் பேசுவதல்ல. நம்மூர் சாயல் இருக்கலாம், தெளிவாகப் புரிய வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஸ்பீக்கிங்கில் பொதுவாக 7 வேண்டும். அரை பேண்ட் குறைந்தாலும் சிக்கல்தான்.

இன்னொரு ஆபத்து ஒப்பிப்பதைவிடப் பெரியது. 'நீங்கள் போகவே வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்' என்பவர்களை நம்பவே நம்பாதீர்கள்! 2014-இல் பிரிட்டனில் டோயிக் ஆங்கிலத் தேர்வில் நடந்த ஆள்மாறாட்டத்தை பிபிசி அம்பலப்படுத்தியது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசா பறிபோனது. தவறே செய்யவில்லை என்று சொன்னவர்களும் பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் உண்மைதானா என்பதைப் பல்கலைக்கழகங்கள் ஆன்லைனிலேயே சரிபார்க்க முடியும்.

அப்படியானால் என்ன செய்வது? தினமும் ஒரு கியூ கார்டு எடுங்கள். 1 நிமிடத்தில் நாலைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், முழு வாக்கியம் எழுத வேண்டாம். 2 நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே நின்றீர்கள், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தொங்கினீர்கள் என்று பாருங்கள். அதே கார்டை மறுபடி பேசுங்கள். பிறகு நண்பர் ஒருவரை உங்கள் பதிலிலிருந்தே குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

தேர்வறையில் கேள்வி புரியாவிட்டால் தயங்காமல் மறுபடி சொல்லும்படி கேளுங்கள். உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது, அதைச் சொல்லும் ஆங்கிலத்துக்குத்தான். ஆகவே தைரியமாக உங்கள் சொந்தக் கருத்தையே பேசுங்கள். பயிற்சியை நாளைக்குத் தள்ளாதீர்கள், இன்றே தொடங்குங்கள்!