இதயத்தை நிறுத்தி ஆபரேஷன்: குழந்தைக்குப் பிராண வாயு கிடைப்பது எப்படி?

அதிகமானாலும் ஆபத்து, அளந்து கொடுக்கிறார்கள் டாக்டர்கள்

சேலம்,-

"இருதயத்தையே நிறுத்திப் போடுவாங்களாமா! மூச்சுக் காத்து இல்லாம கொழந்தை எப்புடிங்க தாங்கும்?"

சேலம், நாமக்கல் பக்கம் தறிக்காரர் வீடுகளிலும், லாரி பட்டறைக்காரர் வீடுகளிலும், குழந்தைக்கு இதய ஆபரேஷன் என்றதும் எழும் கேள்வி இது. இந்தப் பயத்தாலேயே ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஆனால் இதயம் நின்றிருக்கும் நேரத்திலும் பிராண வாயு நிற்பதே இல்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நீலக் குழந்தைகள்

1,000 குழந்தைகள் பிறந்தால், சுமார் 8 குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறது. சில கோளாறுகளில் நல்ல ரத்தத்துடன் அசுத்த ரத்தம் கலந்துவிடும். உதடும் நகமும் நீலம் பூக்கும். சாதாரணக் குழந்தையின் ரத்தத்தில் பிராண வாயு 95 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். "நீலக் குழந்தை"க்கு அது 80, 70 என்று இறங்கிவிடும்.

எந்திரமே நுரையீரல்

ஆபரேஷனின்போது ரத்தம் குழாய் வழியாக "இதய-நுரையீரல் எந்திர"த்துக்குப் போகும். அங்கே பிராண வாயு ஏறி, உடம்புக்குத் திரும்பும். 1953-ல் அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன் இந்த எந்திரத்தை வைத்து ஆபரேஷன் செய்து வெற்றி கண்டார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்.கோபிநாத் திறந்த இதய ஆபரேஷன் செய்தார்.

3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். ஒரு பெரிய டம்ளர் அளவு! அதனால் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு.

எந்திரத்தின் அருகே ஒரு நிபுணர் உட்கார்ந்திருப்பார். காற்றையும் பிராண வாயுவையும் கலக்கும் குமிழ் அவர் கையில் இருக்கும். குழந்தையின் நெற்றியில் ஒட்டிய பட்டை, மூளையில் உள்ள பிராண வாயு அளவைக் காட்டும். அவ்வப்போது ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். உடம்பைக் குளிரவைத்து, பிராண வாயுத் தேவையையும் குறைப்பார்கள்.

பட்டினி வயிறு

"அப்படியானால் நிறையக் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து!

குறைந்த பிராண வாயுவுக்கே பழகிய உடம்பில் திடீரென்று முழு அளவு பாய்ந்தால், நச்சுப் பொருள்கள் உண்டாகி இதயத் தசையைத் தாக்கும். 1990-களில் அமெரிக்காவில் டாக்டர் ஜெரால்ட் பக்பர்க் குழுவினர் பன்றிக்குட்டிகளிடம் இதைக் கண்டறிந்தனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர டாக்டர்கள் நீலக் குழந்தைகளுக்குப் பிராண வாயுவை மெல்ல மெல்லக் கூட்டிப் பார்த்தனர். உறுப்புகள் சேதமாவதைக் காட்டும் ரத்த அடையாளங்கள் குறைந்தன. 2014-ல் முடிவை வெளியிட்டனர்.

பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதலில் கஞ்சிதானே கொடுப்போம்? அதே கதைதான்!

பெற்றோர் கவனத்துக்கு

பால் குடிக்கும்போது மூச்சு வாங்குவது, வியர்ப்பது, எடை ஏறாமல் இருப்பது, அழுதால் நீலம் பூப்பது, விளையாட்டின் நடுவே குத்தவைத்து உட்காருவது ஆகியவை அறிகுறிகள். "காத்து கருப்பு" என்று கயிறு கட்டி நாளைக் கடத்தக் கூடாது.

விரலில் மாட்டும் சிறு கருவியே பிராண வாயு அளவைச் சொல்லிவிடும். வலி கிடையாது. 1970-களில் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் டகுவோ அவோயாகி.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்டலாம். முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதி உள்ள குடும்பங்களுக்கு ஆபரேஷன் இலவசம். அட்டை இருக்கிறதா என்று இன்றே பார்த்துவைப்பது நல்லது.