இடுப்புப் பை: அன்றும் இன்றும்

வேட்டிக்குப் பாக்கெட் கிடையாது. ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் உடுத்தும் கில்ட்டுக்கும் கிடையாது. காசு, சாவி, வாயில் போட ஏதாவது என்று நாலு பொருளைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இடுப்புதான் கதி. ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட்டின் முன்பக்கம் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். அதற்கு ஸ்போரன் என்று பெயர். பழைய ஸ்போரன் வெறும் தோல்பை. வாயைத் தோல்வாரால் இழுத்துச் சுருக்கிக் கட்டுவார்கள். நம் ஆயாக்களின் சுருக்குப் பைக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வேலைக்காகப் பிறந்தவை என்பது புரிந்துவிடும்.

அந்தச் சுருக்குப் பை, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்தில் ஒரு தலைமுறைக்குள் இடுப்பை விட்டு இறங்கிவிட்டது. வல்லம், வடகால், மாத்தூர், எழிச்சூர் எல்லாம் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்ட ஊர்களாக இருந்தபோது, இடுப்பில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே ஆள் எந்த வேலைக்குக் கிளம்பியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். சேற்றில் இறங்குகிறவருக்கு மடி உதவாது, நனைந்துவிடும். பீடியும் தீப்பெட்டியும் முண்டாசுக்குள் ஏறிவிடும். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருப்பார். பட்டன் வைத்து மூடிய அதன் அறைகளில் நோட்டு மடித்துக் கிடக்கும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடிந்த பிறகுதான் அந்தப் பட்டன் திறக்கும். பெல்ட் இல்லாதவர்களுக்குப் பட்டாபட்டி டிரவுசர் இருந்தது. வேட்டியை ஒருபுறம் தூக்கி, அதன் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுக்குக் காசு எடுப்பதை யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை. பெட்டிச் சாவி அரைஞாண் கயிற்றில். வெற்றிலை போடுகிற பெரியவர்களுக்கு அடுக்கடுக்காக அறை வைத்துத் தைத்த வெற்றிலைப் பை. பாக்குக்கு ஓர் அறை, சுண்ணாம்பு டப்பாவுக்கு ஓர் அறை, அடியில் கொஞ்சம் பணம். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தீர்மானம் இருந்தது.

பெண்களுடையது வேறு கணக்கு. சுருக்குப் பை கடையில் வாங்கும் பொருள் அல்ல. ரவிக்கை தைத்த மிச்சத் துணியை வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டி, வாய் மடிப்புக்குள் இரண்டு கயிறு ஓட்டி, கையாலேயே தைத்துக்கொள்வார்கள். உள்ளே பாக்கு, புகையிலை, ஒரு சாவி, சுருட்டிய ரேஷன் ரசீது, சில்லறை. அந்தச் சில்லறை எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். கீரை விற்றது, முட்டை விற்றது, நடவுக் கூலியில் பிடித்துவைத்தது. வீட்டு ஆணின் கைக்கு வராமல் நேராக இடுப்புக்குப் போன பணம் அது. பேரப் பிள்ளைக்கு மிட்டாய், மகளுக்கு ரகசியமாகப் பஸ் காசு, திடீர்க் காய்ச்சலுக்கு மாத்திரை எல்லாம் அதிலிருந்துதான். கயிற்றை அவிழ்க்கும் உரிமை ஒருத்திக்கு மட்டும். நிலப் பத்திரத்தில் பெயர் இல்லாத எத்தனையோ பெண்களுக்குச் சொந்தமென்று சொல்ல இருந்த ஒரே இடம் அந்தத் துணிப்பை.

ஸ்காட்லாந்துக் கதைக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை ஒட்டிய புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அடியோடு முறியடித்தார்கள். அந்தப் படையோடு 73ஆவது மலைநாட்டுப் படைப்பிரிவின் இரண்டு கம்பெனிகளும் இருந்தன. பிடிபட்டவர்களில் ஒருவர் கேப்டன் டேவிட் பெயர்டு. 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சிறையில் கிடந்தார். 1799இல் அதே கோட்டைக்குள் பாய்ந்த தாக்குதல் அணிக்குத் தலைமை ஏற்றுத் திரும்பி வந்தவரும் அவர்தான். அவர் சிறைப்பட்ட வருடத்தில், அவருடைய சொந்த நாட்டில் கில்ட் தடைசெய்யப்பட்ட உடை. 1746இல் வந்த சட்டப்படி சாதாரண மலைநாட்டான் அதை உடுத்தினால் குற்றம். ராணுவத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

முப்பத்தாறு ஆண்டு ராணுவத்திடம் மட்டுமே தங்கியிருந்த உடை, ராணுவத்தின் ருசிக்கு ஏற்ப மாறியதில் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் படைப்பிரிவுகள் எளிய தோல்பையை விட்டுவிட்டு, முழங்கால் வரை தொங்கும் ரோம ஸ்போரனுக்குப் போயின. ஆட்டு ரோமம், குதிரை மயிர். மேலே உலோக விளிம்பு. வெள்ளை ரோமத்தின் மீது கறுப்புக் குஞ்சங்கள். குஞ்சங்களின் எண்ணிக்கையையும் நிறத்தையும் பார்த்தே எந்தப் படைப்பிரிவு என்று சொல்லிவிடுவார்கள். நடக்கும்போது அது இடவலமாக ஆடுவதே அணிவகுப்புக்கு ஓர் அழகானது. பொருள் வைக்கும் வேலை கிட்டத்தட்ட மறைந்து, பார்வைக்கான பொருளாயிற்று. இன்று அங்கே கல்யாணத்துக்குக் கில்ட் உடுத்தப்போகிறவர் இந்த வரலாற்றின் வழியே வந்த வழக்கப்படிதான் பையைத் தேர்ந்தெடுக்கிறார். பகலுக்கும் அன்றாடத்துக்கும் தோல். மாலை விருந்துக்கு முகப்பில் ரோமமும் வெள்ளி விளிம்பும் வைத்த சிறிய பை. நீண்ட குதிரை மயிர் என்றால் பேக்பைப் வாசிப்பவர்களுக்கும் மிகச் சம்பிரதாயமான உடைக்கும். குள்ளமானவருக்கு நீளமான ரோமம் கால்களை விழுங்கிவிடும். வாங்கினால் சீவிப் பராமரிக்க வேண்டும், நனைய விடக்கூடாது. சீருடை அங்கே ஒரு சாதாரணப் பையை எடுத்து ஆபரணமாக்கித் திருப்பிக் கொடுத்தது.

நம் பக்கத்துக்கும் சீருடை வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் 1996இல் அடிக்கல் நாட்டியது. 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. ஏர் ஓட்டியவரின் பிள்ளை பேன்ட் சட்டையும் பாதுகாப்பு ஷூவும் போட்டுக் கம்பெனி பஸ் ஏறினான். பேன்ட்டில் பாக்கெட் இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். ஆனால் கார் கோக்கும் லைனில் நிற்கிறவருக்கு மோதிரம் ஆகாது, வாட்ச் ஆகாது, வெளியே தெரியும் பெல்ட் பக்கிளும் ஆகாது. பெயின்ட் மீது ஒரு கீறல் விழுந்தால் அந்த பாடி மறுபடி வேலைக்குத் திரும்பும். பெயின்ட் ஷாப்பில் நூலிழை உதிராத உடை. மின்னணுப் பொருள் செய்யும் இடத்தில் நிலைமின்சாரம் தேங்காத கோட்டு, தொப்பி. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. கைபேசி லாக்கரில். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு ஒன்றுதான் உள்ளே கூட வருகிறது, அதுவும் கம்பெனியுடையது. இந்த விதிகளுக்குக் காரணம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதை, எங்கே, எப்படி வைத்துக்கொள்வது என்று அப்பாவும் ஆயாவும் தாங்களே முடிவுசெய்த ஒரு விஷயம், எட்டு மணி நேரத்துக்கு முற்றிலும் வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது.

மடிக்குப் பதில் இப்போது கைபேசி. 2016இல் யூபிஐ வந்தபின் சுங்குவார்சத்திரத்து டீக்கடையில்கூட ஸ்கேன் அட்டை நிற்கிறது. 2017இல் திருத்தப்பட்ட ஊதியச் சட்டம், சம்பளத்தைக் கணக்கில் போடுவதை எளிதாக்கியது. நோக்கியா ஆலை 2014இல் மூடப்படும் வரை கோடிக்கணக்கான கைபேசிகள் இங்கிருந்துதான் போயின. இன்று ஐபோன்களும் இங்கே கோக்கப்படுகின்றன. உலகத்தின் இடுப்புப் பையைச் செய்துகொடுக்கும் ஊராக இந்த ஊர் மாறியிருக்கிறது.

இதில் லாபமே இல்லை என்று சொன்னால் அது பொய். வடகாலில் சிப்காட் கட்டி 2024இல் திறந்த விடுதி 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. அவர்கள் ஒவ்வொருவரின் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. ஆயாவின் பையில் ஒருபோதும் சேராத தொகை மாதாமாதம் அதில் விழுகிறது. கீரைக் காசை ஒளித்துவைத்தவளுக்கு அது எட்டாக் கனவு. ஆனால் கணக்கு ஒளிந்துகொள்ளாது. ஏறிய சம்பளம் எஸ்எம்எஸ்ஸாக வந்து நிற்கும். ஏடிஎம் அட்டை அப்பாவிடமோ அண்ணனிடமோ இருந்துவிட்டால் பணம் அவளுடையது, கயிறு வேறொருவருடையது.

சுருக்குப் பை முழுக்கச் சாகவில்லை என்பதும் உண்மை. ஸ்போரனுக்கு நடந்தது அதற்கும் மெதுவாக நடக்கிறது. கல்யாணங்களில் தாம்பூலம் இப்போது ஜரிகை வைத்த பட்டுச் சுருக்குப் பையில் வருகிறது. வீட்டுக்குக் கொண்டுபோனபின் அது அலமாரியில் கிடக்கிறது, அவ்வளவுதான். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்க, மணமேடையில் பட்டு வேட்டியோடு உட்காரும் மாப்பிள்ளை தன் கைபேசியைத் தோழனிடம் கொடுத்துவிட்டுத் தவிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு வேண்டியது வேட்டிக் கரையின் நிறத்தில் ஒரு பை, உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்தது, ஒரு சாண் அகலம். கைபேசியின் கனம் பட்டு வேட்டியைக் கீழே இழுத்துவிடும். ஆகையால் மடியில் செருகாமல் உள்ளே கட்டிய பெல்ட்டிலிருந்து தொங்க வேண்டும். அன்றாட வேட்டிக்குக் கெட்டியான காடா போதும், நிறம் அழுக்குத் தாங்க வேண்டும். ஒட்டும் பட்டியும் பாக்கெட்டும் வைத்த ரெடிமேட் வேட்டி கடைகளில் இருக்கிறது, அவசரத்துக்கு நல்லது. ஆனால் அந்தப் பாக்கெட் ஒரே பக்கமாகத் தொங்கிக் கொசுவத்தின் அழகைக் கெடுத்துவிடுகிறது.

மாப்பிள்ளையை விட அவசரமானவர்கள் லைனில் நிற்கும் பெண்கள். மாதவிலக்கு நாளில் பாக்கெட் இல்லாத கோட்டுக்குள் நின்றுகொண்டு, லாக்கருக்குப் போய் நாப்கின் எடுத்துவர சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. நிலைமின்சாரம் தேங்காத அதே துணியில், கோட்டின் உட்பக்கம், வாய் மூடிய ஒரு சிறு பையைத் தைத்துவிடலாம். பட்டன் வேண்டாம், உலோகம் வேண்டாம். மடிப்பு மூடி போதும். ஒரு கோட்டுக்கு ஒரு சாண் துணிகூடச் செலவாகாது. சீருடைக்கு ஆர்டர் கொடுக்கும்போது அளவுத் தாளில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி விடுதிகளில் இருக்கிற பெண்களும் தொழிற்சங்கங்களும் கேட்க வேண்டும். நிர்வாகங்கள் கேட்கும் முன்பே செய்தால் இன்னும் நல்லது.